கேப்சூல் புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஆசிரியருக்கு,

டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் தடுமாற்றம்) உள்ள பெரியவர்களுக்கு, வாசிப்பு மேம்பட மீன் எண்ணெய் கேப்சூலைப் பரிந்துரைக்கும் உங்கள் கட்டுரை, தான் சான்றாகக் காட்டும் 2007 ஆய்வின் முதல் முடிவையே விட்டுவிட்டது. டிஸ்லெக்சியா உள்ள 32 பேர், இல்லாத 20 பேர் ஆகியோரின் சிவப்பணுச் சவ்வுகளைச் சோதித்ததில், கொழுப்பு அமில அளவில் இரு குழுவுக்கும் வேறுபாடே இல்லை. மீன் எண்ணெயில் மிகுந்துள்ள ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலங்கள் மொத்தத்தில் கூடுதலாக இருந்தவர்கள் சொற்களை நன்றாக வாசித்தார்கள்; அதுவும் இரு குழுவிலும்தான். அராக்கிடோனிக் அமிலம் (ஒமேகா-6 வகை) இபிஏ-வை (ஒமேகா-3 வகை) விட எந்த அளவுக்கு மிகுந்ததோ அந்த அளவுக்கு வாசிப்பு தடுமாறியது டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் மட்டுமே தென்பட்டது. கவனிக்க வேண்டிய தொடர்புதான். ஆனால் ஒரே சமயத்தில் எடுத்த அளவீட்டை வைத்து எது காரணம், எது விளைவு என்று சொல்ல முடியாது.

ஒமேகா-3 கொடுத்துப் பார்த்த முக்கிய ஆய்வுகளும் பெரியவர்களிடம் நடந்தவை அல்ல. வாசிப்பில் பின்தங்கிய 7 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குத் தினமும் 600 மில்லிகிராம் டிஎச்ஏ (இன்னொரு ஒமேகா-3 கொழுப்பு அமிலம்) வீதம் 16 வாரம் கொடுத்த 2012 ஆய்வில், மிகவும் பின்தங்கியவர்களுக்கு மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. அதே முறையில் திரும்பச் செய்தபோது (2018) அதுவும் கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகும் முயல்பவர்கள் புட்டியின் முன்பக்கத்தை நம்பக்கூடாது. '1000 மில்லிகிராம்' என்பது எண்ணெயின் எடை. வழக்கமான கேப்சூலில் இபிஏ 180, டிஎச்ஏ 120 என மொத்தம் 300 மில்லிகிராம்தான் இருக்கும். அளவைக் கூட்ட காட் லிவர் ஆயிலை இரட்டிப்பாக்கினால் வைட்டமின் ஏ-யும் இரட்டிப்பாகும்; அது மிகுந்தால் கேடு. ஆளிவிதையை நம்பினால் போதாது: அதிலுள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் உடலில் டிஎச்ஏ-வாக மாறுவது மிகச் சொற்பம். மீன் சாப்பிடாதவர்களுக்கு டிஎச்ஏ உள்ள பாசி எண்ணெய் உண்டு.

கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால்தான் நன்றாக உறிஞ்சப்படும். கேப்சூலை வெட்டி முகர்ந்து பாருங்கள். பழைய பெயின்ட் போல வீசினால் எண்ணெய் சிக்கடித்துவிட்டது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்; அதன் சவ்வில் கொழுப்பு அமில அளவு முழுதாக மாற ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும். ஆகவே ஒரு மாதத்தில் 'பலித்தது' என்றோ 'பலிக்கவில்லை' என்றோ முடிவுகட்டுவது வீண். தொடங்கும் முன்பும் நான்கு மாதம் கழித்தும் ஒரே கடினத்தன்மையுள்ள, ஆனால் வெவ்வேறான பத்திகளை உரக்க வாசித்து, நேரத்தையும் பிழைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே பத்தியைத் திரும்ப வாசித்தால் எண்ணெய் இல்லாமலே வேகம் கூடும்.

– உணவியல் துறை வாசகர்