டோக்கன் மேசைக்கும் ஒரு நன்றி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டாக்டர்களைப் பாராட்டும் கடிதங்களை உங்கள் பக்கத்தில் அடிக்கடி படிக்கிறேன். முன்னால் உட்கார்ந்து டோக்கன் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வரியும் கண்ணில் பட்டதில்லை. அந்தக் குறை தீர இதை எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ராயக்கோட்டை வழியாகப் பஸ் ஏறி அவரைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்து வருகிறேன். அவருக்கு வீட்டு மொழி கன்னடம். தமிழ் நன்றாகப் புரியும். உடம்புக்கு என்னவென்று சொல்லும்போது மட்டும் தமிழ் வராது. முன்பு போன ஆஸ்பத்திரி ஒன்றில், “தமிழில் சொல்லும்மா, பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் பார்” என்று எல்லார் முன்னிலையிலும் அதட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு டாக்டரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. நான் சொல்வதற்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

இப்போது காட்டும் கிளினிக்கில் மேசையில் இரண்டு பெண்கள். முதல் நாளே அவர்களில் மூத்தவர் “அஜ்ஜி” (பாட்டி) என்று அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, கன்னடத்திலேயே விசாரித்தார். பாதம் மரத்துப்போகிறது, செருப்பு நழுவுவதுகூடத் தெரிவதில்லை என்று மாமியார் அவரிடம்தான் முதலில் சொன்னார். எனக்கே அது தெரியாது. அந்தப் பெண் உடனே சீட்டில் குறித்து உள்ளே அனுப்பினார். டாக்டர் அன்று நெடுநேரம் பாதத்தைத்தான் பார்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும் மாவட்டம் இது. மொழி பலருக்குத் தெரியும். வரிசை நீளும் நேரத்திலும் அதைப் பேசப் பொறுமை வேண்டுமே!

பரிசோதனைக்கு முந்தின நாள் அவர்களே போன் செய்கிறார்கள். “வெறும் வயிற்றோடு வாருங்கள், இட்லி கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்ததும் சாப்பிட்டால், 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். மாத்திரை அட்டைகளை மறக்காதீர்கள்.” இதைச் சொல்ல ஆளில்லாமல் நாங்கள் முன்பு இரண்டு முறை வீணாக அலைந்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத மாமியாருக்காக, மாத்திரைக் கவர்களில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் பேனாவால் வரைந்து தருகிறார் இளையவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கும் அந்தப் பெண்தான், “ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், மாத்திரைச் செலவு மிச்சம்” என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

போன மாதம் டாக்டர் வரத் தாமதம். ஒருவர் மேசையைத் தட்டிக் கத்தினார். தாமதத்துக்கு அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? காலையில் வந்தவர்கள் மூன்று மணிக்கும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கிளினிக் நடத்துகிறவர்கள் அவர்களுக்கு மாற்று ஆள் வைத்துச் சாப்பாட்டு நேரம் ஒதுக்க வேண்டும். காத்திருக்கும் நாமும் குரலைத் தணித்துப் பேச வேண்டும்.

அடுத்த வாரம் மறுபடி போகிறோம். “அந்தப் பிள்ளை இருக்கிறாளா, போன் போட்டுக் கேள்” என்று மாமியார் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளுக்கென்று கேழ்வரகு மாவு அரைத்து, தனியாக ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.