ஈடிபஸை வீழ்த்தியது ஆணவம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வரும் உலக நாடகங்கள் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படித்து வருகிறேன். போன வாரம் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' பற்றிய கட்டுரை வந்திருந்தது, கதையை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில் ஈடிபஸின் ஆணவமே அவனை அழித்தது என்று முடித்து, அதற்கு அரிஸ்டாட்டிலையும் சாட்சிக்கு அழைத்திருந்தார் கட்டுரையாளர். இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் நாடகப் பாடம் நடத்தியவள். எங்கள் காலத்து உரைநூல்களிலும் இதேதான் இருந்தது. துன்பியல் நாயகன் என்றால் உயர்ந்தவன், அவனிடம் ஒரு குணக்குறை இருக்கும், அந்தக் குறையால் விழுவான். நானும் பல வருடம் அதையே பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டேன். அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலை முழுதாக உட்கார்ந்து படித்த பிறகுதான் அவர் இப்படிச் சொல்லவே இல்லை என்று தெரிந்தது.

அந்தப் பகுதி 13ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, மிகவும் சின்னது. கெட்டவன் ஒருவன் நன்றாக வாழ்ந்து கெட்டுப்போனால் நமக்கு இரக்கம் வராது. மாசே இல்லாத நல்லவன் விழுந்தால் அருவருப்புதான் வரும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் நிற்கிற, நம்மைப் போன்ற ஒருவன் வேண்டும், அவன் கெட்ட குணத்தாலோ தீய நடத்தையாலோ அல்லாமல் ஒரு 'ஹமார்ட்டியா'வால், அதாவது ஒரு பிழையால், விழ வேண்டும் என்கிறார். கெட்ட குணத்தால் அல்ல என்று அவரே கையை உயர்த்திச் சொன்ன பிறகும் நாம் அந்தச் சொல்லுக்குக் குணக்குறை என்று பொருள் எழுதிக்கொண்டிருக்கிறோம்! உதாரணத்துக்கு அவர் பெயர் சொல்வதும் ஈடிபஸைத்தான். தகாத துன்பம் அடைகிறவனைப் பார்த்தே இரக்கம் பிறக்கும், நம்மைப் போன்றவன் விழுவதைப் பார்த்தே அச்சம் பிறக்கும் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். ஆணவத்துக்குக் கூலி வாங்கினான் என்றால் அப்புறம் இரக்கத்துக்கு அங்கே என்ன வேலை?

ஹமார்ட்டியா என்ற சொல்லின் வேர் குறி தவறுவது. கிரேக்கக் காவியக் கவி ஹோமரின் போர்க்களங்களில் எறிந்த ஈட்டி இலக்கில் படாமல் போகும்போது இந்த வினைச்சொல்தான் வரும். இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்த வேலேந்தல் இனிது' என்ற குறளில் (772) பிழைத்த வேல் என்றால் யானையைக் குறிவைத்துத் தவறிப்போன வேல். பிழை என்ற நம் சொல்லுக்குள்ளேயே அந்த எறிதலும் தவறுதலும் இருக்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியன் சாகும் முன் தென்புலங் காவல் 'என்முதற் பிழைத்தது' என்று சொல்கிற இடத்திலும் இந்த வினைதானே வருகிறது! அவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு குணக்குறை என்று ஏன் எழுத வேண்டும்?

சரி, நாடகத்துக்கு வருகிறேன். கொரிந்து நகர அரசன் வீட்டில் பிள்ளையாக வளர்ந்தவன் ஈடிபஸ். குடிபோதையில் ஒருவன் "நீ அவர் பெற்ற பிள்ளை இல்லை" என்று சொல்லிவிட, உண்மை கேட்க, அப்பல்லோ தெய்வத்தின் குறிசொல்லும் கோயில் இருக்கும் டெல்ஃபிக்குப் போகிறான். அங்கே கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை, தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற வாக்குத்தான் கிடைக்கிறது. பதறிப்போய், தன்னை வளர்த்தவர்களுக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று கொரிந்துப் பக்கமே திரும்பாமல் நடக்கிறான். மூன்று சாலைகள் கூடும் இடத்தில் தேரில் வந்த ஒரு கிழவர் வழிவிடச் சொல்லி முள்கோலால் அவன் தலையில் அடிக்கிறார், இவன் திருப்பி அடிக்கிறான், அவர் சாகிறார். அவர்தான் லாயஸ், பெற்ற தகப்பன். அப்புறம் லாயஸ் ஆண்ட தீப்ஸ் நகரம், அதை வாட்டிய ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதைக்கு விடை, விதவை அரசி ஜொகாஸ்டாவோடு கல்யாணம்; அவள்தான் பெற்ற தாய். இதில் எந்த இடத்தில் ஆணவம் இருக்கிறது? பெற்றோருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று வைத்த ஒவ்வொரு அடியும் அவனைப் பெற்றோரிடமே கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான். அவனுக்குத் தெரிந்திருந்ததை வைத்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் நடந்திருப்பேன்.

அவன் முன்கோபக்காரன் இல்லையா என்று கட்டுரையாளர் கேட்கலாம். ஆமாம், குருட்டு ஞானி தைரேசியஸிடம் சீறுகிறான், மைத்துனன் கிரியோனைச் சதிகாரன் என்கிறான், அதையெல்லாம் மறைக்க வேண்டாம். ஆனால் நாடகம் தொடங்கும்போதே கொலையும் கல்யாணமும் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது, பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். மேடையில் காட்டும் கோபம் எப்போதோ நடந்ததற்குக் காரணமாக முடியாது. மேடையில் நடப்பது கண்டுபிடிப்பு மட்டும். ஊரில் கொள்ளைநோய், மக்கள் வாசலில் வந்து விழுகிறார்கள், லாயஸைக் கொன்றவனைப் பிடித்தால்தான் நோய் தீரும் என்று வாக்கு வந்ததால் அரசன் விசாரிக்கிறான். கொரிந்திலிருந்து வரும் தூதன், இவன் பயத்தைப் போக்கலாம் என்ற நல்லெண்ணத்தில் "அவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை" என்கிறான், அந்த நல்ல செய்தியில்தான் எல்லாம் தலைகீழாகிறது. ஜொகாஸ்டாவுக்கு அங்கேயே விளங்கிவிடுகிறது, இதற்கு மேல் கேட்காதே என்று கெஞ்சுகிறாள். குழந்தை ஈடிபஸைக் கொரிந்துக்காரனிடம் கொடுத்த கிழட்டு இடையன், சொல்லக்கூடாததன் விளிம்பில் நிற்கிறேன் என்று நடுங்குகிறான். ஈடிபஸ், நானும் கேட்கக்கூடாததன் விளிம்பில்தான் நிற்கிறேன், ஆனாலும் கேட்டாக வேண்டும் என்கிறான். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். ஊருக்காக விசாரணையைத் தொடங்கியவன், அது தன் கழுத்துக்கு வருகிறது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

இந்தத் தவறான வாசிப்பு நம்மிடம் மட்டும் இருப்பதல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் விடைத்தாள் திருத்தியபோது மாணவர்கள் இப்படி எழுதியிருந்ததைப் பார்த்து வருந்தி, இ. ஆர். டாட்ஸ் என்ற கிரேக்கப் பேராசிரியர் 1966இல் ஒரு கட்டுரையே எழுதினார். சோஃபக்ளிஸும் ஏறக்குறைய தொண்ணூறு வயதில் ஈடிபஸிடம் திரும்பி வந்தார். அவர் இறந்தபின் கி.மு. 401இல் மேடையேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில் கிழட்டு ஈடிபஸ் சொல்கிறான், இவையெல்லாம் நான் செய்தவை என்பதைவிட எனக்கு நேர்ந்தவை என்று. ஆனால் முதல் நாடகத்தில், கண்களைக் குத்திக்கொண்டு வந்து நிற்கும்போது, இந்தத் துயரத்தைக் கொண்டுவந்தது அப்பல்லோ, குத்திய கை மட்டும் என்னுடையது என்கிறான். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. என் பெரியப்பா மகனுடைய மனைவிக்கு ஒரு ராத்திரி நெஞ்சு வலித்தது. அதற்கு முன் இரண்டு தடவை அப்படி வலித்து, வாயு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதே நினைப்பில் அண்ணன் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் பார்க்கலாம் என்று அண்ணியைப் படுக்கச் சொன்னார். விடிவதற்குள் அண்ணி போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே காரணம் கண்டுபிடித்தார்கள். அலட்சியம், செலவுக்குப் பயந்தவன், யார் சொன்னாலும் கேட்கமாட்டான். அந்த மனிதர் அண்ணிமேல் உயிரை வைத்திருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் யாரோடும் வாதாடவில்லை. "நான்தான் கொடுத்தேன்" என்று மட்டும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். விழுந்தவனிடம் ஒரு குணக்குறையைத் தேடி எடுத்துவிட்டால் நமக்கு அப்படி நடக்காது என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தைத்தான் ஈடிபஸ் நாடகம் பிடுங்கிப் போடுகிறது, அரிஸ்டாட்டில் சொன்ன அச்சம் அதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்த வாரம் 'ஆன்டிகனி' என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே கிரியோனிடம் பிடிவாதமும் ஆணவமும் உண்மையிலேயே இருக்கின்றன, தன் தவறென்று அவரே கடைசியில் அழுகிறார், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டுரையாளர் ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். தடையை மீறித் தன் அண்ணன் பிணத்தை அடக்கம் செய்ய முயன்ற ஈடிபஸின் மகள் ஆன்டிகனியைக் கிரியோன் குகையில் அடைத்துவிடுகிறார். பிறகு மனம் மாறிய அவரிடம், முதலில் போய்ப் பெண்ணை விடுவி, பிறகு செத்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்று முதியவர்கள் சொல்கிறார்கள். அவர் முதலில் பிணத்தை அடக்கம் செய்யப் போகிறார், அதைக் கழுவி எரித்து மேடு எழுப்பி முறையாகவே எல்லாம் செய்துவிட்டுத்தான் குகைக்கு வருகிறார். அதற்குள் ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்