மூன்று டொமைனுக்கு மூன்று மெயில் சர்வர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரே குடும்பத்துக்கு நூல் மில், பனியன் கம்பெனி, பள்ளி டிரஸ்ட் என்று மூன்றும் இருக்கும். மூன்றுக்கும் தனித்தனி டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்). ‘டொமைனுக்கு ஒரு மெயில் சர்வர், ஒரு ஐ.பி. (இணைய முகவரி எண்) வேண்டும்’ என்று சொல்லி மூன்று பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. 4 ஜி.பி. ராம் உள்ள ஒரு லினக்ஸ் மெஷினில் போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்) டவ்காட்டும் (பெட்டியில் உள்ள மெயிலைப் படிக்கக் கொடுப்பது) போட்டால் மூன்றையும் சுலபமாகத் தாங்கும். (வைரஸ் பார்க்கும் கிளாம்ஏவி மட்டுமே 1 ஜி.பி.க்கு மேல் தின்னும். சின்ன மெஷினில் அதை ஏற்றிவிட்டு சர்வர் படுத்துவிட்டது என்று புலம்பிப் பயனில்லை.)

எது சர்வருக்கு ஒன்று, எது டொமைனுக்கு ஒன்று என்பதைக் குழப்புவதால்தான் பாதித் தொல்லை. சர்வருக்கு ஒரே பெயர் போதும். மில் டொமைனின் கீழ் ‘மெயில்’ என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயருக்கு ஐ.பி.யைக் காட்டும் ஒரு ஏ ரெக்கார்டு, ஐ.பி.யிலிருந்து அதே பெயருக்குத் திரும்பும் ஒரு பி.டி.ஆர். ரெக்கார்டு, இணைப்பைப் பாதுகாக்கும் ஒரு டி.எல்.எஸ். சான்றிதழ். பி.டி.ஆரை டொமைன் விற்றவரிடம் கேட்டால் கிடைக்காது, ஐ.பி. கொடுத்தவர்தான் போட முடியும். சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட்டில் மெயில் வெளியே போகுமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிட வேண்டும். பல கிளவுட் கம்பெனிகள் அதை அடைத்தே வைத்திருக்கின்றன.

டொமைனுக்கு ஒன்று வேண்டியவை எம்.எக்ஸ். (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும்), எஸ்.பி.எஃப். (எந்த சர்வர் அனுப்பலாம்), டிகிம் (மெயிலில் போடும் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது) ஆகிய ரெக்கார்டுகள். மூன்று டொமைனின் எம்.எக்ஸும் அந்த ஒரே பெயரைக் காட்டட்டும்; ஆனால் அந்தப் பெயர் சி-நேம் (CNAME) ரெக்கார்டாக, அதாவது வேறொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயராக இருக்கக் கூடாது. எஸ்.பி.எஃப். ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான். பழையதை அழிக்காமல் இரண்டாவது வரி சேர்த்தால் இரண்டும் செல்லாது. டிகிம் சாவி 2048 பிட் என்றால் டி.என்.எஸ்.ஸில் (இந்த ரெக்கார்டுகள் இருக்கும் பதிவேடு) ஒரு மேற்கோளுக்குள் அடங்காது. அங்கே எல்லை 255 எழுத்து. இரண்டு மேற்கோள்களாகப் பிரித்துப் போட வேண்டும். கையொப்பமிடும் மென்பொருளான ஓப்பன்டிகிமின் சைனிங் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்தச் சாவி என்ற பட்டியல்) ‘எந்தப் பெயரும்’ என்ற பொருளில் நட்சத்திரக்குறி போட்டுவிட்டு, அது புரிய, கான்ஃபிகில் அந்த ஃபைல் பெயருக்கு முன் ‘ரீஃபைல்’ (refile:) என்று எழுத மறப்பவர்கள் அதிகம். மெயில் போய்க்கொண்டேயிருக்கும், கையொப்பம் மட்டும் இருக்காது.

போஸ்ட்ஃபிக்ஸில் கவனம் வேண்டிய இடம், எந்தப் பெயர்களுக்கு வரும் மெயிலை மெஷினின் உள்ளூர் யூசர்களுக்குத் தருவது என்று சொல்லும் ‘மை டெஸ்டினேஷன்’ வரி. அதில் லோக்கல்ஹோஸ்டும் (மெஷின் தன்னைத்தானே அழைக்கும் பெயர்) சர்வரின் பெயரும் மட்டும் இருக்கட்டும். பனியன் கம்பெனி, பள்ளி டொமைன்களை அங்கே எழுதினால், @ குறிக்குப் பின்னால் என்ன இருந்தாலும் ஒன்றுதான். மெஷினில் ‘இன்ஃபோ’ என்று ஒரு யூசர் உண்டா என்பதுதான் கணக்கு. அட்மிஷன் விசாரணையும் பனியன் ஆர்டரும் ஒரே பெட்டியில் போய் விழும். டொமைன்களுக்கு உரிய இடம் ‘விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ்’ என்ற வரி. இரண்டு வரியிலும் ஒரே டொமைன் இருந்தால் சர்வரின் லாகில் (நடப்பதைக் குறித்துவைக்கும் ஃபைல்) எச்சரிக்கை வரும், உள்ளூர் யூசர் பட்டியலே ஜெயிக்கும், உண்மையான முகவரிக்கு வந்த மெயில் ‘யூசர் அன்னோன்’ என்று திரும்பிப் போகும்.

லாகின் பெயர் முழு முகவரியாகத்தான் இருக்க வேண்டும். பள்ளி கிளார்க் தன் பாஸ்வேர்டில் நுழைந்து மில் அக்கவுண்ட்ஸ் பெயரில் மெயில் அனுப்பாமல் இருக்க, ‘ரிஜெக்ட் சென்டர் லாகின் மிஸ்மேட்ச்’ விதியையும், யார் எந்த முகவரியில் அனுப்பலாம் என்ற அட்டவணையையும் சேர்க்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே சர்வர் என்பதில் உண்மையான ஆபத்து வேறு. பள்ளியில் ஒருவரின் பாஸ்வேர்டு திருடு போய் இரவெல்லாம் ஸ்பேம் போனால், ஐ.பி. கறுப்புப் பட்டியலுக்குப் போகும். மில்லின் கொட்டேஷனும் அதோடு நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாக எண்ணுவது இணைப்பு வரும் ஐ.பி.யை வைத்துத்தான், அக்கவுண்ட்டை வைத்து அல்ல. எனவே ஆர்ஸ்பேம்டி என்ற ஸ்பேம் வடிகட்டியில் ஆளுக்கு மணிக்கு இத்தனை மெயில் என்று வரம்பு வைப்பது கட்டாயம். முதலாளி கேட்டார் என்று எல்லா மெயிலையும் ஜிமெயிலுக்குத் திருப்பி விடுவதும் வேண்டாம். வந்த ஸ்பேமெல்லாம் நம் ஐ.பி. அனுப்பியதாகத்தான் அங்கே தெரியும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் பிடியை இறுக்கியிருக்கின்றன.

லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் டி.எல்.எஸ். சான்றிதழ் அதிகபட்சம் 90 நாள்தான். அது தானாகப் புதுப்பிக்கப்படும்; ஆனால் டவ்காட்டை ரீலோடு செய்யும் கட்டளையைச் சேர்க்காவிட்டால் டவ்காட் பழைய சான்றிதழையே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லார் போனிலும் சர்வர் பெயராக அந்த ஒரே பெயரைப் போட வேண்டும். அவரவர் டொமைனைப் போட்டால் எச்சரிக்கைதான் வரும்.

புதிய சர்வருக்கு மாற்றுவதற்கு முதல் நாளே எம்.எக்ஸ். டி.டி.எல்.லை (பழைய விவரத்தை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடியாகக் குறைத்துவிடுங்கள். வெப்சைட் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருக்குமானால் அங்கே மெயில் ரூட்டிங்கை ‘ரிமோட்’ (மெயில் வேறு சர்வரில்) என்று மாற்றுவதும் முக்கியம். இல்லாவிட்டால் வெப்சைட் ஃபாரத்தில் வாடிக்கையாளர் எழுதுவது எம்.எக்ஸையே பார்க்காமல் யாரும் திறக்காத பழைய பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

– மெயில் சர்வர் பராமரிப்பாளர் ஒருவர், ஈரோடு