சின்ன ர போடு என்றாய், அக்கா

அக்கா,

நாளை மறுநாள் 2025 ஜூலை 2. 2003-இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக நீங்கள் வேலைநிறுத்தம் தொடங்கி 22 வருஷம் ஆகிறது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். முதல் முறை நீ பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். இரண்டாம் முறை அத்தான் எடுத்தார். அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் வீட்டு விஷயத்தை எழுதுவது உனக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் அப்போது நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் தனியாக இல்லையே. சித்தப்பா இருந்தார், பக்கத்து வீட்டு அம்மா வாசற்படியில் நின்றார். திரும்ப எடுத்துக்கொள்வதும் நாலு பேர் முன்னால் நடக்கட்டும்.

ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர் எதுவும் போடவில்லை. நான் இன்னும் சர்வீஸில் இருக்கிறேன். இதை யார் யார் படிப்பார்கள் என்று எனக்கும் ஓரளவு தெரியும்.

“உனக்கு இந்த வேலை வேண்டாம்னா எனக்குக் கொடு.”

இதுதான் நான் சொன்னது. நீ உதவித் தொடக்கக் கல்வி அலுவலகத்துச் சுவரில் ஒட்டிய பட்டியலில் உன் பெயரைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த நேரம். ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்திருந்தார்கள். டெஸ்மா, அதாவது அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், என்ற சொல் அந்த வாரம்தான் எங்கள் தெருவுக்குள் வந்தது. ஓய்வூதியப் பலன்களை வெட்டியதற்கும் சரண்டர் லீவை (எடுக்காத விடுப்புக்குத் தரும் பணத்தை) நிறுத்தியதற்கும்தான் நீங்கள் இறங்கினீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும்தான் சொன்னேன்.

எனக்கு அப்போது 25 வயது. பி.எட். முடித்து இரண்டு வருஷம். வேலைவாய்ப்பு அலுவலகத்து அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்து அதன் மடிப்பு கிழிந்துவிட்டிருந்தது. மக்கள் கட்டும் வரியில் பெரும்பகுதி அரசு ஊழியர் சம்பளத்துக்கே போகிறது என்று தினமும் டி.வி.யில் சொன்னார்கள். டீக்கடையில் அதையே சொன்னார்கள். அந்தப் பக்கம் நின்று பேசுவது எனக்குச் சுகமாக இருந்தது, அக்கா. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீ கொடுக்கிற 50 ரூபாயை வாங்கி வாங்கி எனக்குள் ஏதோ கசந்துபோயிருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். இல்லை, காரணமாகத்தான் சொல்கிறேன். வேலையில்லாதவளாக நீ இருந்ததே இல்லை. பயிற்சிப் பள்ளி முடித்ததும் உனக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்தப் பகல் இல்லை. மூன்று வாரம் கழித்து வந்த அந்த இரவு.

ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் அரசு ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. கைதானவர்கள், வழக்கு உள்ளவர்கள் போக மற்றவர்கள் வேலைக்குத் திரும்பலாம், ஆனால் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். நீ வெள்ளைத் தாளை எடுத்து, பரீட்சைத் தாளுக்கு மடிப்பதுபோல இடது ஓரத்தை மடித்து நகத்தால் நீவினாய். ‘அனுப்புநர்’ என்று எழுதினாய். அதற்கு மேல் கை ஓடவில்லை. “தம்பி, நீ எழுது. உன் கையெழுத்து நல்லா இருக்கும்” என்று தாளை என் பக்கம் தள்ளினாய்.

நான் எழுதினேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்துகிற அதே குரலில் நீ சொல்லிக்கொண்டே வந்தாய், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே கொஞ்சம் நிறுத்தி. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டமைக்காக. நிபந்தனையற்ற. மன்னிப்புக். கோருகிறேன். அப்புறம் 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளில், வேலைநிறுத்தத்தைத் தடுக்கிற 22-ஆம் விதிக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்று ஓர் உறுதிமொழி. முடித்ததும் தாளை வாங்கி விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாய். நான் ‘கோறுகிறேன்’ என்று எழுதியிருந்தேன்.

“சின்ன ர போடு” என்றாய்.

அடித்துத் திருத்தியதைக் கொடுக்கக் கூடாது என்று புதுத் தாள் எடுத்தாய். மறுபடி முழுக்க எழுதினேன். கையெழுத்துப் போடும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாய். அது இல்லாமல் உனக்கு ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது.

வகுப்பில் எந்தப் பிள்ளை மன்னிப்பு கேட்டு எழுதிக் கொண்டுவந்தாலும் நான் அதை வாங்கிப் படித்ததே இல்லை. வாயால் சொல்லிவிட்டுப் போ என்று அனுப்பிவிடுவேன்.

ஒன்று கேட்கிறேன். ஏன் என்னிடம் கொடுத்தாய்? அத்தான் வீட்டில் இருந்தார். அவர் கையெழுத்தும் நன்றாகத்தான் இருக்கும். உன் வேலையைக் கேட்டவன் கையாலேயே அதை எழுதவைக்க வேண்டும் என்று நினைத்தாயா? எனக்கு இன்றுவரை அந்தச் சந்தேகம் உண்டு. அப்படியென்றால் அது எனக்குச் சரியான தண்டனை. அப்படி இல்லையென்றால், உனக்கு என்மேல் கோபமே இல்லை என்றால், அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பு வந்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றார்கள். அந்தத் தீர்ப்பை நான் வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். தகுதியுள்ள எத்தனையோ பேர் அரசு வேலைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது வேலைநிறுத்தத்தை எப்படி நியாயப்படுத்துவது என்ற பொருளில் ஓர் இடம் வருகிறது. படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். காத்துக்கொண்டிருந்தவன் நான்தானே. நம் வீட்டில் நான் சொன்னதும் அங்கே சொன்னதும் ஒன்றாக இருந்தது. உங்களை அடிக்க என்னைத்தான் கம்பாக எடுத்தார்கள், நானும் கைக்கு வாகாகப் போய் நின்றேன்.

அதே ஆகஸ்ட் மாதம் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஏப்ரல் 1, 2003-க்குப் பிறகு சேருகிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போடும். நான் அந்தச் செய்தியை முழுதாகக்கூடப் படிக்கவில்லை. எனக்கு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தேன். 2004-இல் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தபோது அம்மா படத்துக்கு மாலை போட்டது நீதான். 2006 ஜூன் 1-இல் முறைப்படுத்தினார்கள். அதற்கு முந்தைய காலம் என் பணிக்காலத்தில் சேரவே இல்லை. ஆக, கொடு என்று உன்னிடம் கேட்ட வேலை எனக்குக் கிடைத்தது, நீ காப்பாற்றப் போனதெல்லாம் வெட்டப்பட்ட பிறகு.

இதை எழுதும்போது உன்மேல் கோபம் வருகிறது. 2019 ஜனவரியில் நாங்கள் இறங்கினபோது நீ என்ன சொன்னாய்? “பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது, பேசாம ஸ்கூலுக்குப் போ.” நீயா அப்படிச் சொன்னாய்! எங்கள் கோரிக்கையில் முதலில் இருந்ததே பழைய ஓய்வூதியம்தான். உனக்கு அது இருக்கிறது. உன்னோடு அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்கு இல்லை. பயந்துபோய்ச் சொன்னாய் என்று இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை.

அப்போதும் 10,000 ரூபாய் தொகுப்பூதியத்துக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். விண்ணப்பம் வாங்குகிற இடத்தில் வரிசை நின்றது. பார்க்கக் கூடாது என்றுதான் போனேன், பார்த்துவிட்டேன். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள், இடுப்பில் குழந்தை. அவள் என்னை முறைக்கக்கூட இல்லை. மறுநாள் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். சங்கத்தில் இருந்தவர்கள் நான் பயந்துவிட்டேன் என்றார்கள். பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலை போகிற பயத்தைவிட, அந்தப் பெண்ணிடமிருந்து அதே சொல்லைக் கேட்டுவிடுவேனோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

இனிமேல் வருகிறதைக் கொஞ்சம் கவனமாக எழுதுகிறேன்.

அரசிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேர் தினக்கூலி. அவர்களுக்குப் பி.எஃப்.கூடக் கிடையாது. “உங்களுக்கு என்ன சார், மாசம் பொறந்தா சம்பளம்” என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வராது. “உங்க பிள்ளை எங்கே படிக்குது?” என்று ஒரு தாய் கேட்டார். பதில் சொல்லவில்லை. உன் பிள்ளைகளும் சரி, என் பிள்ளையும் சரி, எங்கே படித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த இடத்தில் எனக்கு வாய் இல்லை.

ஆனால் ஆசிரியருக்குக் கொடுப்பதை வெட்டினால் பிள்ளைகளுக்குப் போகும் என்கிறார்களே, அதை 21 வருஷமாக உள்ளே இருந்து பார்க்கிறேன். போகவில்லை. தொகுப்பூதியம் போய்ப் பகுதிநேரம் வந்தது, பகுதிநேரம் இருக்கும்போதே தற்காலிகம் வந்தது. ஒவ்வொரு முறையும் வருகிறவருக்கு நிரந்தர ஆசிரியரைவிடக் குறைவு. 2024-25-க்குப் பள்ளிக் கல்விக்கென்று மத்திய அரசிடமிருந்து வரவேண்டிய சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாய் டெல்லியில் நின்றுபோனது, பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய்விட்டது. இந்தச் சண்டைக்கு நடுவில் எங்கள் பள்ளிக்கு வருகிற சிறப்புப் பயிற்றுநருக்குச் சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. காது கேளாத ஒரு பையனுக்கு அவர் ஒருவர்தான் பேச்சுத்துணை. பஸ்ஸுக்குக் காசில்லை என்று என்னிடம் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார், முகத்தைப் பார்க்காமல்.

என் மனைவியின் ஆபரேஷனுக்கு நீ செய்ததைப் பற்றியும் எழுதியாக வேண்டும். மாசம் 300 ரூபாய் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள், 5 லட்சம் வரைக்கும் உண்டு என்று அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். முன்பணம் கட்டினால்தான் தியேட்டர் என்றார்கள். கடைசியில் பில் 2,80,000, காப்பீட்டில் வந்தது 1,10,000. மீதிக்கு நீ அந்த மஞ்சள் பையில் பணம் கொண்டுவந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையில் திணித்து, “பென்ஷன்னு ஒண்ணு இதுக்குத்தானே” என்றாய். நீ வேறெதுவும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. எனக்கு 60 வயதாகும்போது என் மகனுக்கு ஒன்று என்றால் நான் எந்தப் பையைக் கொண்டுபோவேன் என்று தோன்றியது. நன்றி சொல்லாமல் அங்கிருந்து போய்விட்டேன். அந்தப் பணத்தையும் இன்னும் திருப்பித் தரவில்லை. நன்றி, அக்கா. மூன்று வருஷம் தாமதம்.

போன மாதம் எங்கள் பள்ளியில் ஒருவர் தவறிவிட்டார். 48 வயது. என்னோடு ஒரே வருஷம் சேர்ந்தவர். அவர் மனைவிக்காக நான்தான் விண்ணப்பம் எழுதினேன். பிடித்த பணமும், அரசு போட்டதும், வட்டியும் வரும், அவ்வளவுதான். குடும்ப ஓய்வூதியம் கிடையாது. அந்த அம்மா கேட்டார்: “மாசாமாசம் எதுவும் வராதா சார்?” எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினேன். ‘வழங்குமாறு கோருகிறேன்’ என்பதில் சின்ன ர சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்த்தேன், அக்கா. அப்போதுதான் நான் முடிவு செய்தது.

பழைய பென்ஷனைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று 2021 தேர்தல் வாக்குறுதியில் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் பென்ஷனை ஆராயக் குழு போட்டார்கள். ராஜஸ்தான், இமாச்சல் எல்லாம் திரும்பிப் போனதும், மத்திய அரசு ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்ததும் உனக்குத் தெரியும், நீயும் பேப்பர் படிக்கிறவள். குழு நல்லது சொன்னால் சந்தோஷம். சொல்லவில்லை என்றால் அடுத்த முறை அழைப்பு வரும்போது நான் எங்கே இருப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது. 22-ஆம் விதி எனக்கும் உண்டு. உனக்குப் புரிந்திருக்கும். இந்த முறை பாதியில் திரும்பமாட்டேன். அந்தக் குழந்தையோடு நின்ற பெண் மறுபடி வரிசையில் நின்றால், போய்ப் பேசுவேன். பேசாமல் வந்ததுதான் அன்றைக்கு நான் செய்த தப்பு.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. போகாதே என்று மட்டும் சொல்லாதே. அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

இன்னொன்று. அந்த முதல் தாள், நான் ‘கோறுகிறேன்’ என்று எழுதியது, அதை நீ கிழிக்கவே இல்லை என்று பாப்பா சொன்னாள். பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் இருக்கிறதாம். ஆடிக்கு வருகிறேன். கொடுக்க மனசில்லை என்றால் பரவாயில்லை, ஒரு தடவை எடுத்துக் காட்டு.

தம்பி