குழந்தையோடு படிக்கப் போகும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். மூன்று நாடுகளில் இடம் கிடைத்திருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மீதி இரண்டு பக்கமும் குழந்தையைப் பற்றியே எழுதியிருக்கிறாய். நாளைக்குத் தேர்வு என்றால் இன்று மாலையில் புத்தகத்தைத் திறப்பவள் நீ. உன்னையே ஒன்றரை வயதுப் பொடிசு இப்படிக் கணக்குப் போட வைத்துவிட்டதே என்று சிரிப்பாக இருந்தது. என் வாழ்த்துகளை முதலில் வாங்கிக்கொள்.

“கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா?” என்று கேட்டிருக்கிறாய். அதை நான் தீர்மானிக்க முடியாது. நான் கூட்டிக்கொண்டு வந்தேன், வருந்தவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது பார்த்தவர்களெல்லாம் ஒரு வாக்கியம் சொன்னார்கள். அதை மட்டும் நீ நம்பிவிடாதே. “குழந்தைகள் சட்டென்று பழகிக்கொள்வார்கள், பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.” பழகிக்கொள்வார்கள்தான். அந்தச் ‘சட்டென்று’தான் பொய்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது இரண்டு மாதம். காப்பகத்தில் சேர்த்த முதல் நாளே கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றாள். வெளியே குளிர், ஆனால் உள்ளே நன்றாகக் கதகதப்பாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். வியர்வையில் நெற்றி முடி ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த நேரமும் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு இரண்டாம் வாரம்தான் உறைத்தது. அங்கிருந்த ஆசிரியை நல்லவர், கழற்றச் சொல்லி ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயருக்குப் பதிலாக ஒரு படம் ஒட்டிய கொக்கி உண்டு. இவளுக்கு நத்தை. பதினெட்டாம் நாள் மாலை நான் போனபோது நத்தைக்குக் கீழே அந்தக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர் வழி கேட்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேச்சு வர இன்னும் நாளானது. வீட்டில் வாயாடி, அங்கே மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. பயந்துபோய்க் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். “வீட்டில் பேசுகிறாளா?” என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம் என்றதும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். புது மொழிக்குள் விழுந்த குழந்தைகள் பலருக்கு இப்படி ஒரு மௌனக் காலம் உண்டு, சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம், அந்த நேரத்தில் காது வேலை செய்துகொண்டிருக்கும் என்றார். வீட்டில் எங்கள் மொழியையே பேசச் சொன்னார். நானோ அதற்குள் ஆர்வக்கோளாறில் வீட்டிலும் அந்த ஊர் மொழியில் பேச ஆரம்பித்திருந்தேன். விட்டிருந்தால் என் இலக்கணப் பிழைகளையெல்லாம் பத்திரமாகக் கற்றுக்கொண்டிருப்பாள்! பிறகு ஒரு நாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது இடுப்பில் இடித்துத் தள்ளிவிட்டு, அந்த மொழியில், சுத்தமான உச்சரிப்பில், “இப்போது என் முறை” என்றாள். அதுதான் முதல் வாக்கியம்.

உன் பிள்ளைக்கு இந்த மௌனம் இருக்காது, அவனுக்குப் பேச்சே இப்போதுதான் தொடங்குகிறது. அவனுக்கு வேறொன்று இருக்கும். அந்த வயதில்தான் அம்மாவை விட்டுப் பிரியும் பயம் உச்சத்தில் இருக்கும். அதனால் காப்பகத்தில் முதல் நாள் நீ கூடவே ஒரு மணி நேரம், அப்புறம் நீ பத்து நிமிடம் வெளியே, அப்புறம் அரைநாள் என்று மெல்ல மெல்லப் பழக்குவார்கள். இதற்கே இரண்டிலிருந்து நான்கு வாரம் போகும். வகுப்பு தொடங்க ஆறு நாள் இருக்கும்போது நான் போய் இறங்கினேன். என் முட்டாள்தனங்களில் முதல் பரிசு அதற்குத்தான். விசா அனுமதித்தால் நீ ஒரு மாதம் முன்னதாகவே போய்விடு.

இனி காகிதங்கள். உன் மூன்று இடங்களையும் குழந்தையை வைத்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது. பிரிட்டனில் உனக்குக் கிடைத்திருப்பது ஓராண்டு முதுகலைப் படிப்பு. 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், முனைவர் பட்டமோ ஆராய்ச்சி சார்ந்த முதுகலையோ அல்லது அரசு உதவித்தொகையோடு கூடிய படிப்போ என்றால்தான் மாணவர் குடும்பத்தை அழைத்து வரலாம். உன்னுடையது பாடம் கேட்டுப் படிக்கும் முதுகலை, உதவித்தொகையும் இல்லை என்றால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. அழைத்துவர அனுமதி உள்ள படிப்பிலும், அப்பா ஊரில் இருக்க அம்மா மட்டும் குழந்தையோடு வருவதை அவர்கள் எளிதில் ஏற்பதில்லை. இருவருமே அங்கே இருக்க வேண்டும், அல்லது வளர்க்கும் பொறுப்பு முழுக்க உன்னுடையது என்று காட்ட வேண்டும். அமெரிக்காவில் குழந்தைக்கும் கணவருக்கும் எஃப்-2 என்ற, மாணவர் குடும்பத்துக்கான விசா கிடைக்கும், பள்ளி வயது வந்த குழந்தை பள்ளிக்கும் போகலாம். ஆனால் அந்த விசாவில் உன் கணவர் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. சும்மா இருக்கத் தெரியாத அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று யோசித்துக்கொள். ஜெர்மனியில் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படியான உரிமை. உரிமை வேறு, இடம் வேறு. பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். அங்கே இன்னொன்றும் உண்டு. 2020 மார்ச்சிலிருந்து தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். ஒரு வயதுக்கு மேல் ஒரு தவணை, இரண்டு வயதுக்கு மேல் இரண்டு தவணை. தடுப்பூசி அட்டவணை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அட்டையை இப்போதே எடுத்து மருத்துவரிடம் காட்டு. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடு.

பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது அது உண்மையான ஆவணம்தான் என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அரசு முத்திரை, வாங்கிவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். 1961-இன் ஹேக் உடன்படிக்கைப்படி அது செல்லும்தான். ஆனால் உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா நாடுகளின் முத்திரையையும் மற்ற எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். கணவர் பிறகுதான் வருவார் என்றால், குழந்தையை அழைத்துச் செல்லச் சம்மதம் என்று அவர் கையெழுத்திட்ட, நோட்டரி சான்றளித்த கடிதமும் கையில் இருக்கட்டும். என் கணவர் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தார். குடியேற்ற அதிகாரி என்னைப் பார்த்து, மகளைப் பார்த்து, “அப்பா எங்கே?” என்று அவளிடமே கேட்டார். அவள் கைப்பேசியைக் காட்டினாள். நான் அந்தக் கடிதத்தைக் காட்டினேன்.

வீடும் காப்பகமும்தான் உண்மையான தலைவலி. மாணவர் விடுதி அறைகள் பெரும்பாலும் ஒற்றையாளுக்கு. குடும்பக் குடியிருப்புகள் கொஞ்சமே இருக்கும். நான் போன இடத்தில் முகவரி இருந்தால்தான் காப்பகத்துக்கு விண்ணப்பம். வீட்டு உரிமையாளரோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு என்று கேட்டார். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை! கடைசியில் துறை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி முடிச்சை அவிழ்த்தேன். நீ சேர்வதாகச் சம்மதம் சொல்லும் நாளிலேயே இரண்டு பட்டியலிலும் பெயரைப் போட்டுவிடு. மாணவப் பெற்றோருக்கு உதவ ஓர் அலுவலகம் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தில் கேள். பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

படிப்பைப் பற்றி நீ கேட்கவே இல்லை. நானாகச் சொல்கிறேன். முதல் ஆண்டு காப்பகத்தில் இருக்கும் வியாதியெல்லாம் உன் வீட்டுக்கும் வரும். சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு எட்டு, பத்து முறை சளி பிடிப்பது வழக்கமானதுதான் என்று மருத்துவர் சாவகாசமாகச் சொன்னார். அந்தப் பத்தில் ஏழு என் கருத்தரங்க நாட்களில் வந்தன. வழிகாட்டியிடம் முதல் வாரமே குழந்தை இருப்பதைச் சொல்லிவிட்டது நல்லதாகப் போயிற்று. இருமலும் மன்னிப்புமாக நடுவில் சொல்லியிருந்தால் சாக்கு மாதிரி இருந்திருக்கும். மற்றவர்கள் நூலகத்தில் இரவு பதினொரு மணிக்கு விவாதிப்பதையெல்லாம் நான் இழந்தேன், அது இன்னும் வலிக்கிறது. காலை நான்கிலிருந்து ஆறரை வரை எழுதினேன். அந்த இரண்டரை மணி நேரம் இல்லையென்றால் ஓர் அத்தியாயமும் முடிந்திருக்காது.

விமானத்தைப் பற்றி உன் பயம் அளவுக்கு மீறியது. அது ஒரு நாள் கூத்து. இரண்டு வயதுக்குக் குறைந்தால் பெரும்பாலான விமானங்களில் மடியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தனி இருக்கை எடுத்துக் குழந்தை இருக்கையில் கட்டி உட்கார வைப்பதுதான் பாதுகாப்பு. முன்சுவரில் மாட்டும் தொட்டிலை நம்பாதே, எடை வரம்பு பெரும்பாலும் பத்துப் பதினோரு கிலோதான், உன் பிள்ளையின் புகைப்படத்தைப் பார்த்தால் அதைத் தாண்டிவிட்டான் போலிருக்கிறது. குழந்தைக்குப் பால் எடுத்துப் போகலாம், கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான நூறு மில்லி கட்டுப்பாடு அதற்கில்லை. இறங்கத் தொடங்கும்போது விழுங்குவதற்கு ஏதாவது கொடு, காதுவலி குறையும். அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று. தள்ளுவண்டியை விமான வாசலில் கொடுத்தால், இடையில் மாறும் நிலையத்திலேயே திரும்பக் கிடைக்குமா, கடைசி ஊரில்தான் கிடைக்குமா என்று கேட்டுக்கொள். எனக்கு முன்னது என்று சொன்னார்கள், நடந்தது பின்னது. தூங்கிப்போன பதினாலு கிலோவைத் தூக்கிக்கொண்டு நான்கு மணி நேரம் அலைந்தேன். பெட்டியின் அடியில் மறந்து வைத்திருந்த குழந்தையைக் கட்டிச் சுமக்கும் பை அன்று கையில் இருந்திருந்தால் என் இடுப்பு தப்பித்திருக்கும்.

அந்தப் பை சும்மாதான் கிடக்கிறது. உனக்கு அனுப்பலாம் என்று நேற்று எடுத்து வைத்தேன். அதில்தான் தன் கரடி தூங்குகிறது, தர முடியாது என்கிறாள் இவள். பேச்சுவார்த்தை நடக்கிறது. எந்த ஊர் என்று முடிவு செய்ததும் முகவரியை எழுது, அதற்குள் கரடிக்கு வேறு வீடு பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி