படிவத்தில் கட்டம் இல்லாதவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். வீட்டில் அடி உதை தாங்காமல் வரும் பெண்களுக்கு உதவும் அரசின் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் என் வேலை போன மாதத்தோடு முடிந்தது. 2019-இல் வழக்குப் பணியாளராகச் சேர்ந்தேன். தொகுப்பூதியம், ஷிஃப்ட் முறை, ராத்திரி டியூட்டியும் உண்டு. கிளம்புகிற அன்று சால்வை போட்டு, எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியவள் என்று பேசினார்கள். கூச்சமாக இருந்தது. கேஸ் ஷீட்டின் அடியில் இருப்பது என் கையெழுத்துதான். மேலே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் நீங்கள் செய்தது; உங்கள் பெயரை எழுத அதில் கட்டம் இல்லை. இங்கேயும் பெயர் போடப் போவதில்லை. போட்டால் எந்த வீட்டுக் கேஸ் என்று ஊர் கண்டுபிடித்துவிடும். படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி எங்கள் பன்முக உதவியாளர் அக்காவுக்கு.

நான் சேர்ந்த புதிது. இரவு பதினொன்றரை இருக்கும். 181 பெண்கள் உதவி எண்ணுக்கு போன் போட்ட ஒரு பெண்ணை இரண்டு பிள்ளைகளோடு கூட்டி வந்தார்கள். ஒரு ஒயர் கூடை, அதற்குள் ரேஷன் கார்டும் சின்னவனின் சட்டையும். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெயர், வயது, கல்யாணமாகி எத்தனை வருஷம். பதினொரு வருஷம் என்றாள். "இத்தனை வருஷம் ஏன் பொறுத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன். அது படிவத்தில் இல்லாத கேள்வி. நானாகக் கேட்டது. தலையைக் குனிந்தவள் அப்புறம் வாயே திறக்கவில்லை.

அக்கா வந்து என் முன்னால் இருந்த காகிதத்தை நகர்த்தினார். "மொதல்ல சாப்பிடட்டும் பாப்பா." ரசம் சாதம், சுட்ட அப்பளம். சின்னவனுக்குக் கையால் குழைத்து ஊட்டினார். அந்தப் பெண் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவப் போனாள். நான் எழுந்து தடுக்கப் போனேன், அக்கா கண்ணைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு தனியாகச் சொன்னார்: "சும்மா உக்காந்து தின்னுட்டோம்னு அவளுக்குத் தோணக் கூடாதுல்ல." மறுநாள் காலையில் அக்காவோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருஷம் படித்திருக்கிறேன், சரி, அதை எங்கே போய்ச் சொல்வது.

அடுத்து, அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த நர்ஸம்மாவுக்கு. கூடவே கணவன் நிற்கும்போது எந்தப் பெண்ணும் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றுதான் சொல்வாள். நீங்கள் அந்த ஆளிடம் சீட்டு வாங்கி வாருங்கள், ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள் என்று ஏதாவது வேலை கொடுத்து அனுப்பிவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, மெதுவாக ஒரு தடவை கேட்பீர்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் சொன்னது டாக்டர் கையால் விபத்துப் பதிவேட்டில் ஏறும். பின்னால் கோர்ட்டில் அந்தப் பதிவேட்டின் நகலை, ஏ.ஆர். காப்பியை, காட்டும்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஸ்டேஷனில், "குடும்பப் பிரச்சினைதானே, பேசித் தீர்த்துக்கோங்க" என்று ஒரு பெண்ணை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் வேறொரு ஸ்டேஷனில் ஏட்டம்மா நீங்கள் இருந்தீர்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்ததோடு, பிள்ளைகளின் டி.சி.யையும் ஆதாரையும் எடுத்து வர எங்களோடு அந்த வீட்டுக்கும் வந்தீர்கள். சாதாரணப் புடவையில். "யூனிஃபார்ம்ல போனா தெருவே கூடிடும், நாளைக்கு இந்தப் பொண்ணு அந்தத் தெருவுல நடக்கணும்ல."

சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் மேடம், பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் என்று 1987 சட்டம் சொல்கிறது. இலவசம் என்றால் ஏனோதானோ என்றுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். "வீடு அவரு பேர்லதானேம்மா இருக்கு, எனக்கு என்ன பாத்தியதை" என்று கேட்காத பெண்ணே இல்லை. ஒவ்வொருத்தருக்கும் முதல் தடவை சொல்வதுபோலவே சொல்வீர்கள்: 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் 17-வது பிரிவு, வீடு யார் பேரில் இருந்தாலும் நீ சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க உனக்கு உரிமை உண்டு, சட்டப்படி அல்லாமல் உன்னை யாரும் வெளியேற்ற முடியாது. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. வாய்தாவின் கணக்கு வேறு. ஒரு வாய்தாவுக்கும் நீங்கள் வராமல் இருந்ததில்லை.

டவுன் பஸ் கண்டக்டர் அண்ணன்களுக்கும் நன்றி. 2021-க்கு முன்னால் மையத்துக்கு வர பஸ் காசுகூட இல்லாமல் நின்றுபோனவர்கள் உண்டு. கட்டணமில்லா டிக்கெட் வந்த பிறகு, அதைக் கிழித்துக் கொடுத்து, இறங்க வேண்டிய இடத்தையும் சத்தமில்லாமல் காட்டியிருக்கிறீர்கள்.

மையத்தில் தங்க பொதுவாக ஐந்து நாள்தான். ஆறாவது நாள் எங்கே என்பதுதான் இந்த வேலையில் என்னைத் தூங்கவிடாத கேள்வி. பெண்கள் காப்பக இல்லத்தில் இடம் கிடைத்தால் சரி. கிடைக்காதபோது, அட்வான்ஸைத் தவணையில் வாங்கிக்கொண்டு ஒற்றை அறையைக் கொடுத்த ஆச்சி, நீங்கள் "புருஷன் எங்கே?" என்று கேட்கவில்லை. "தண்ணி காலைல ஆறு மணிக்கு வரும், குடத்தைப் போட்டு வை" என்று மட்டும் சொன்னீர்கள்.

கடைசியாக, பஸ் ஸ்டாண்டு எதிரே செருப்புக் கடை பாய். ராத்திரியில் ஓடி வருகிறவர்கள் அனேகமாக வெறுங்காலோடுதான் வருவார்கள். இதை நான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அதிலிருந்து விற்காமல் நின்ற ஜோடிகளை மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பில் கேட்டால் முறைப்பீர்கள்.

என் இடத்துக்கு வந்திருக்கும் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. பீரோவின் கீழ்த்தட்டில் பெரியவர்களுக்கு நான்கு ஜோடி, குழந்தைகளுக்கு ஏழு ஜோடி இருக்கிறது. ஆறாம் நம்பர் தீர்ந்துவிட்டது, பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போய் வாங்கிக்கொள்.