பெயர் வெட்டிய பாத்திரமும் ஏரியில் கிடைத்த டிஸ்க்கும்

அன்புள்ள மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். ஃபின்லாந்தின் தம்பேரே நகரத்து ஏரிக்கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, யாரோ டிஸ்க் கோல்ஃப் ஆடித் தொலைத்த மூன்று டிஸ்க் எடுத்திருக்கிறாய். சிவப்பில் பெயரும் போன் எண்ணும் தெளிவாக இருக்கின்றன. வெள்ளையில் எண்ணின் கடைசிப் பகுதி தேய்ந்துவிட்டது. நீலத்தில் ஒன்றுமே இல்லை. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் எழுத்து போய்விடும், விற்றால் ஆளுக்குக் கொஞ்சம் காசு வரும் என்று அறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். "இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா சித்தி?" என்று கேட்டிருந்தாய்.

இருக்கிறது. அன்றைக்கே ஒரு வரியில் பதில் சொன்னேன். அந்த ஒரு வரி எனக்கே போதவில்லை. உன்னைப் போல வெளிநாட்டுக்குப் படிக்கப் போன நம் பக்கத்துப் பிள்ளைகள் வேறு யாரும் இந்த விளையாட்டை ஆடினால் அவர்களும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்காக நாலு வரி. கோல்ஃபில் பந்து இருக்கும் இடத்தில் இங்கே டிஸ்க் என்னும் பிளாஸ்டிக் தட்டு. குழி இருக்கும் இடத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. குறைவான வீச்சில் கூடைக்குள் போடுபவர் வெல்வார். டிஸ்க் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் அகலம், 170 கிராம் அளவு எடை. கலிஃபோர்னியாவில் இந்தச் சங்கிலிக் கூடையை வடிவமைத்து, 1976-இல் இதற்கென்று சங்கமும் தொடங்கியவர் எட் ஹெட்ரிக். 2002-இல் அவர் இறந்தபின், அவர் விரும்பியபடியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். சிறு வயதில் கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அஸ்திக் கலசம் வைத்த இடத்தைப் பார்த்து நின்ற எனக்கு, அந்த மனிதரின் விருப்பம் விசித்திரமாகவே படவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். பின்னால் ரப்பர் தோட்டத்தில் சைக்கிள் ரிம்மிலும் பழைய சங்கிலியிலும் நான் ஒரு கூடை கட்டி வைத்திருப்பது உனக்குத் தெரியும். போன மார்கழிக் கடைசி, ரப்பர் இலை உதிரத் தொடங்கிய நேரம். என் ஆரஞ்சு டிஸ்க் ஒரு மரத்தில் பட்டுத் தெறித்துப் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டது. கீழே உதிர்ந்து கிடந்த இலையும் கிட்டத்தட்ட அதே நிறம். இருட்டும் வரை தேடிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, அந்தத் தோட்டத்தில் பால் வெட்டும் அக்கா நெற்றி விளக்கைக்கூடக் கழற்றாமல் நம் வாசலில் வந்து நின்றார். கையில் என் டிஸ்க். மேலே ரப்பர் பால் சொட்டிக் காய்ந்து தோல்போல ஒட்டியிருந்தது. பேசிக்கொண்டே அதை நகத்தால் உரித்தார். இது எந்தப் பாத்திரத்தின் மூடி என்று கேட்டார். கண்டதும் முதலில் திருப்பிப் பார்த்திருக்கிறார். அடியில் என் பெயர். மூன்று வீடுகளில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். மூடியாக இருந்தாலும் பெயர் போட்டு வைத்திருக்கிறார்களே, தேடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாராம். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். எனக்காக அவர் செலவிட்ட அந்த அரை மணி நேரம் அவருடைய கூலி நேரம்.

திருப்பிப் பார்த்தார் என்றேனே, அந்தக் கைப்பழக்கம் நம் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு. உன் அம்மா கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்தபோது நானும் கடைக்குப் போயிருந்தேன். என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார். சொன்னதும் மெஷின் கிர்ரென்று அதிர, புள்ளி புள்ளியாக எழுத்து விழும். சருவம், தூக்குவாளி, டம்ளர் எதுவும் பாக்கி இல்லை. பிறகு அந்தப் பாத்திரங்கள் எத்தனை வீட்டுக்குப் போய் வந்தன! விசேஷ வீட்டில் ஐம்பது பாத்திரம் கலந்து கிடந்தாலும் மறுநாள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து அந்தந்த வீட்டில் சேர்த்துவிடுவார்கள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு மட்டிப்பழமாவது உள்ளே இருக்கும்.

கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக்கரண்டி வைத்திருக்கும் வீட்டுக்கு ஓடுவோம். நாலைந்து கொக்கிகள் உள்ள அந்தக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால், நம் வாளியோடு போன வருடம் யாரோ தவறவிட்ட செம்பும் சேறு அப்பிக்கொண்டு மேலே வரும். சேற்றைக் கழுவிப் பெயரைப் படித்ததும் செம்பு அந்த வீட்டுக்குப் போய்விடும். கிணற்றில் ஒரு வருடம் கிடந்ததால் அது எங்களுடையது ஆகிவிட்டது என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அமெரிக்காவில் சார்லட் நகரில் நான் இருந்தபோது, குளத்தில் விழுந்த டிஸ்க்கை எடுக்க அங்கேயும் கயிற்றில் கட்டிய கொக்கிக் கருவி ஒன்றை எறிந்து இழுப்பதைப் பார்த்தேன். அதன் பெயர் கோல்டன் ரெட்ரீவர். எனக்கு நம் பாதாளக்கரண்டிதான் நினைவுக்கு வந்தது.

ஏரியில் போட்டவர்கள் கைவிட்டுப் போனவர்கள்தானே என்று கேட்டாய். பெரும்பாலான டிஸ்க் தண்ணீரில் மூழ்கிவிடும், அது உண்மை. ஆனால் அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று யோசித்துப் பார். ஆட்ட விதிப்படி தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு தண்டனை, முன்பு எறிந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். போட்டி இல்லாத நாளிலும் பின்னால் அடுத்த குழு காத்துக்கொண்டு நிற்கும். பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தவரைக் கைவிட்டவர் என்று எப்படிச் சொல்வது? போட்டிகளில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஆடுபவர் தனக்கென்று ஓர் அடையாளம் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு புள்ளி வைத்தாலே போதும். முழுப் போன் எண்ணையும் எழுதி வைப்பவர், தொலைந்தாலும் திரும்பி வரும் என்று நம்பித்தான் எழுதுகிறார்.

விலை பெரிதில்லை, புதிதாக வாங்கிக்கொள்வார்கள் என்பது உன் நண்பர்களின் இன்னொரு வாதம். ஆடுகிறவர்கள் இதைச் சொல்வதுதான் எனக்கு வருத்தம். வலக்கைக்காரர் புறங்கை வீச்சில் எறியும் புது டிரைவர் (தூரம் போவதற்கான டிஸ்க்) முடிவில் இடப்புறம் சாயும். அதே டிஸ்க் மரத்திலும் கல்லிலும் அடிபட்டு அடிபட்டு மெல்ல நேராகப் போகப் பழகும். இன்னும் தேய்ந்தால் வலப்புறம் திரும்பத் தொடங்கும். ஒரே அச்சு, ஒரே எடை என்று வாங்கினாலும் புதியது பழையதுபோல் பறக்காது. உன் பாட்டியின் தோசைக்கல்லுக்குப் பதில் கடையில் புதுக் கல் வாங்கி வந்து, இதுவும் இரும்புதானே என்று சொல்ல முடியுமா? முதல் பத்துத் தோசையும் ஒட்டிக்கொண்டு வரும்.

உன் தாத்தா பத்மநாபபுரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவுக்குக் கீழே உள்ள உதாரணங்களை எங்களுக்குக் கதைபோலச் சொல்வார். ஒருவன் சாலையில் ஒரு ரூபாயைக் கண்டெடுக்கிறான், யாருடையது என்று தெரியாது. எடுத்ததற்காக அவன் குற்றவாளி இல்லை. இன்னொருவன் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறான், உள்ளே ஒரு நோட்டு. முகவரியையும் கடிதத்தையும் பார்த்து அது யாருடையது என்று தெரிந்துகொள்கிறான், பிறகு நோட்டைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறான். அவன் குற்றவாளி. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 314-ஆம் பிரிவு. உன்னை மிரட்ட இதைச் சொல்லவில்லை. அங்கே அவர்கள் சட்டம் அவர்களுக்கு. இரண்டாமவன் முகவரியைப் படித்தான், அதுதான் வேறுபாடு. சிவப்பு டிஸ்க்கை நீ படித்துவிட்டாய். அதைத் துடைப்பது, கடித உறையைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சார்லட்டில் ஓர் ஓடையோரம் எனக்கு ஒரு மஞ்சள் டிஸ்க் கிடைத்தது. அடியில் போன் எண், ஒரு தேதி, 7 என்ற எண், சுற்றிலும் நான்கு பேரின் கையெழுத்து. ஏழாவது கூடையில் ஒரே வீச்சில் போட்ட டிஸ்க் அது. அப்படி விழுந்தால் கூட ஆடியவர்கள் அதில் கையெழுத்துப் போட்டுத் தருவது வழக்கம். ஒருவருடைய வாழ்நாளில் ஒரு முறைகூட அது வாய்க்காமல் போகலாம். அத்தனையும் தெரிந்திருந்தும் அன்று கூப்பிடவில்லை. அலுவலக வேலை, வீடு மாற்றம் என்று தள்ளித் தள்ளி ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. அந்த டிஸ்க் இப்போது நம் சமையலறைப் பரணில், உன் பாட்டியின் உருளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று வரை அதை எறிய எனக்குக் கை வரவில்லை.

நீ சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது என்று உன் குரலிலேயே தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, அவர்கள் மொழியும் வராமல், உங்கள் பொருள் என்னிடம் இருக்கிறது என்று சொல்லக் கூச்சம். தப்பாக நினைத்துவிடுவாரோ என்று பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது மக்களே. ஆனால் நீ கூப்பிடவே வேண்டாம். குறுஞ்செய்தி போதும். நான் தொலைத்த முதல் டிஸ்க்கை ஒருவர் திருப்பித் தந்தபோது வந்த செய்தி இவ்வளவுதான்: "வணக்கம். உங்கள் டிஸ்க் 12-ஆம் கூடைக்குப் பக்கத்து ஓடையில் கிடைத்தது. எப்படித் தரட்டும்?" நீயும் எளிய ஆங்கிலத்தில் இப்படியே எழுது. கடைசியில் கீட்டோஸ் என்று அவர்கள் மொழியில் நன்றி சேர்த்துக்கொள். அவர் நீயே வைத்துக்கொள் என்று பதில் அனுப்பினாலும் அனுப்பலாம். அப்போது அது உன் டிஸ்க், நிம்மதியாக எறி.

வெள்ளை டிஸ்க்குக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மை போனாலும் பேனா அழுத்திய தடம் சில நேரம் பிளாஸ்டிக்கில் தங்கியிருக்கும். சோப்பு நீரில் மட்டும் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார். பின்பகுதி கிடைக்காவிட்டால் ஊகித்து ஊகித்துப் பத்துப் பேருக்கு அனுப்பித் தொந்தரவு செய்யாதே. எட் ஹெட்ரிக் தொடங்கிய அந்தச் சங்கத்தின் உறுப்பினர் எண் ஏதாவது தெரிகிறதா என்று பார்; இருந்தால் அதை வைத்துப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். இல்லையென்றால் அதையும் நீலத்தையும் அந்த மைதானத்தை நடத்துபவர்களிடமோ பக்கத்து டிஸ்க் கடையிலோ, எங்கே, எந்த நாளில் எடுத்தாய் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்துவிடு. தாத்தா சொன்ன அதே பிரிவில், உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்து, நியாயமான காலம் காத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. யாரும் கேட்டு வராவிட்டால் பிறகு அவர்கள் உனக்கே தருவார்கள், அல்லது புதிதாக ஆட வரும் ஒரு குழந்தைக்குத் தருவார்கள்.

இங்கே ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. கூடையில் சங்கிலி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. எறிந்தால் டிஸ்க் பக்கத்துத் தோட்டத்தைத் தாண்டிப் பறளியாற்றுக்கே போய்விடும்போல இருக்கிறது. அதனால் ஒரு வாரமாக ஆடவில்லை.

செய்தியை இன்றே அனுப்பு. சிவப்பு டிஸ்க்கின் சொந்தக்காரரைப் பார்க்கப் போகும்போது, உன் அம்மா கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து டப்பாவில் மீதி இருக்கிறதா என்று பார்த்து நாலு எடுத்துக்கொண்டு போ. அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறதே, வெள்ளை டிஸ்க்கை ஜன்னலோரம் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. அந்தக் கடைசி எண்களை நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
சித்தி
திருவட்டாறு